கோரைப்பள்ளத்துப் பாலம்

ஆகஸ்ட் 19

பாலம் வருகிறது. இந்தத் தடவை நிஜமாகவே.

தடுப்பூசி போட்டுக்கொண்டிருந்தபோது தலைவர் வேலாயுதம் பைக்கைச் சுவரில் சாய்த்துப் போட்டுவிட்டு ஓடிவந்தார். "நர்ஸம்மா, ஆபீசருமாரு வந்துட்டாவ. கருவியெல்லாம் ஆத்தங்கரையில இறக்குதாவ." பாதித் தாய்மார் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்க்கப் போய்விட்டார்கள். ஊசி போட்ட பிள்ளைகள் அழுதுகொண்டே போயின. போடாதவை சிரித்துக்கொண்டே போயின.

இந்த ஊருக்கு மாற்றலாகி வந்த நாளிலிருந்து நான் எழுதிக்கொடுத்த மனுக்களின் வரிகள் எனக்கு மனப்பாடம். 'தாமிரபரணியின் தென்கரையில் உள்ள எங்கள் தென்கரைப்புதூர் கிராமத்துக்கு, அக்கரையில் உள்ள நாரணமங்கலம் மருத்துவமனைக்குச் செல்லத் தரைப்பாலம் ஒன்றே வழி. ஆற்றில் தண்ணீர் கூடினால் அது முங்கிவிடும். பிறகு மேற்கே சுற்றிச் செல்ல ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. கர்ப்பிணிகளின் நலன் கருதி...' இனி அதை எழுத வேண்டாம்.

வந்திருக்கும் உதவிப் பொறியாளர் பெயர் சொரிமுத்து. அம்பாசமுத்திரம் பக்கம். மத்தியானம் தலை சுற்றுகிறது என்று என் துணை சுகாதார நிலையத்தில் வந்து உட்கார்ந்தார். பிரஷர் கொஞ்சம் கூடுதல். உப்பைக் குறைக்கச் சொன்னேன். "சரிங்க சிஸ்டர்" என்றார். படித்த மனிதர்கள் இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொள்வதில்லை.

ஆகஸ்ட் 28

வரைபடத்தை என் மேஜையில் விரித்துக் காட்டினார். பாலம் மருதந்தோப்பில் வந்து இறங்குகிறது. அங்கிருந்து ஊருக்குக் கீழ்ப்புறமாகக் கோரைப்பள்ளத்தைத் தாண்டி மெயின்ரோடு வரை, இரண்டாள் உயரத்துக்கு மண்கரை கொட்டி அதன்மேல் ரோடு. மழைத் தண்ணீர் போக அடியில் நாலைந்து சிமெண்ட் குழாய்.

"எப்போ முடியும்?"

"எல்லாம் ஒழுங்கா நடந்தா ரெண்டு வருசம் சிஸ்டர்."

பிரஷர் வாரத்துக்கு ஒரு முறை பார்த்தால் போதும் என்று சொல்லியிருக்கிறேன். இரண்டு முறை வருகிறார். நோயாளி கவனமாக இருப்பது நல்லதுதான்.

செப்டம்பர் 6

என் முன்னறைக்கு ஆள் வந்தாயிற்று. நிலோஃபர். உடுமலைப்பேட்டைக்காரி, காட்டுயிர் படித்தவள். ரோடு போட்டால் ஆற்றுக்கும் தோப்புக்கும் என்ன ஆகும் என்று பார்த்து எழுதித் தர அனுப்பியிருக்கிறார்கள். ஊரில் தங்க இடமில்லை. "பொம்பளப்பிள்ள, ஒங்ககிட்ட இருந்தா எங்களுக்கு நிம்மதி" என்று தலைவர் விட்டுப்போனார்.

விடிவதற்குள் தோப்புக்குப் போய்விடுகிறாள். மருதமரங்களில் தொங்கும் வௌவால்களை எண்ணுகிறாளாம். எனக்கு ஆளில்லாமல் மூன்று ஊர் பார்க்கிறேன். வௌவாலுக்கு ஒரு ஆள்.

செப்டம்பர் 15

புளி டப்பாவுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் கவரில் ஏதோ கருவாட்டுத்தூள் மாதிரி இருந்தது. எடுத்து முகர்ந்துவிட்டேன்.

"அய்யோ அக்கா, அது நீர்நாய் போட்டதுங்க! தோப்புக்குக் கீழ வேர்ச்சந்துல கெடந்துச்சு. என்ன மீன் தின்னுருக்குன்னு பாக்கோணும்."

இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கை கழுவினேன். அவள் சிரித்துச் சிரித்து உட்கார்ந்தேவிட்டாள். நானும் சிரித்தேன் என்று இப்போது எழுதும்போதுதான் தெரிகிறது.

செப்டம்பர் 23

கீழத்தெரு இசக்கிப்பிரியாவுக்கு நவம்பர் கடைசியில் தேதி. தலைப்பிரசவம். இரத்தம் குறைவு, ஆள் குட்டை. அடைமழைக்கு முன்னாலேயே அக்கரைக்குக் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். மாமியார் சண்முகவடிவு கையை ஆட்டிவிட்டாள். "எங்க வீட்டுல எல்லாரும் இங்கனதான் பொறந்தாவ. ஆறு என்ன, இன்னைக்கா வந்துச்சு?"

இரவு மகள் ஆவுடை மதுரை ஹாஸ்டலிலிருந்து பேசினாள். பரீட்சை, மெஸ் சாப்பாடு, கொசு. கடைசியில், "எம்மா, அந்த இன்ஜினியரப் பத்தி இப்போ நாலாவது தடவ சொல்லுத" என்றாள்.

பாலத்தைப் பற்றிப் பேசினால் இன்ஜினியரைப் பற்றியும்தான் பேசவேண்டியிருக்கிறது. அவளுக்கு அது புரியவில்லை. அவள் அப்பா இறந்து ஒன்பது வருடத்தில் நான் என்னவெல்லாம் பேசியிருக்கிறேன், அவள் எண்ணியதே இல்லை.

அக்டோபர் 4

நிலோஃபர் எழுதிவிட்டாள். தோப்பு வழியாக ரோடு போகக் கூடாது. பள்ளத்தில் மண்கரை கூடவே கூடாது.

சோறு போடும்போது கேட்டேன். "வௌவாலுக்காக இந்த ஊரு இன்னும் பத்து வருசம் கெடக்கணுமா?"

"வௌவாலுக்கு ரோட்டக் கொஞ்சம் தள்ளுனாப் போதுங்கக்கா. பெரிய விசயம் பள்ளந்தான். அது ஆத்தோட பழைய தடம். வெள்ளம் வந்தா அதுல ஒரு பங்கு அங்கதான் ஓடும். குறுக்க சுவரு வெச்ச மாதிரி மண்ணக் கொட்டுனா அந்தத் தண்ணி எங்கீங்க போகும்?"

"குழாய் வைக்காங்கல்ல?"

"குழாய்ல வாய்க்கால் போகுங்க. ஆறு போகுமா?"

ரசம் ஊற்றினேன்.

பாலம் தள்ளிப்போகும். சர்வே ஆட்களும் இன்னும் சில மாதம் இங்கேயே கிடப்பார்கள். எரிச்சலாக இருக்கிறது. சாயங்காலம் உளுந்தவடை போட்டேன். சும்மாதான்.

அக்டோபர் 12

இன்று பள்ளிக்கூடத்தில் கருத்துக்கேட்புக் கூட்டம். ஊரே வந்திருந்தது. மேடையில் பெரிய அதிகாரிகள், ஓரத்தில் சொரிமுத்து, அவருக்குப் பக்கத்தில் நிலோஃபர். அவள் பேச எழுந்ததுமே பின்னாலிருந்து சத்தம். வௌவால், நீர்நாய் என்ற வார்த்தைகள் வந்ததும் சிரிப்பு. பள்ளத்தைப் பற்றி அவள் சொன்னது யார் காதிலும் விழவில்லை.

தலைவர் என்னைப் பார்த்தார். எழுந்தேன்.

"இந்த ஊர்ல எத்தன பேரக் கட்டில்ல வச்சுத் தூக்கிட்டுத் தரைப்பாலத்த தாண்டியிருக்கேன்னு எனக்குத் தெரியும். மழ மாசத்துல வலி வந்தா நாங்க ஆத்தப் பாத்துக் கும்பிடுதோம். வௌவாலுக்கு ஒரு நியாயம், பிள்ளத்தாச்சிக்கு ஒரு நியாயமா? இந்தப் பொண்ணு எழுதிட்டு ஊருக்குப் போயிரும். நாங்க இங்கனதான இருக்கணும்?"

கைதட்டல் ஓயவில்லை. சண்முகவடிவு விசில் அடித்தாள், அந்த வயதில். நிலோஃபர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

சொரிமுத்து கைதட்டவில்லை. அவருடைய பாலத்துக்காகத்தானே பேசினேன்?

அக்டோபர் 13

நிலோஃபர் வழக்கம்போல விடிவதற்குள் போய்விட்டாள். நேற்றுச் சாப்பிட்ட தட்டைக் கழுவிக் கவிழ்த்திருந்தாள். என் தட்டையும்.

அக்டோபர் 17

சொரிமுத்து என்னைக் கோரைப்பள்ளத்துக்கு அழைத்துப்போனார். தலைவரும் கூட வந்தார். கோரை இடுப்புக்கு மேல் நின்றது. ஓரத்தில் ஆறேழு அடி ஆழத்துக்குக் குழி தோண்டியிருந்தார்கள். குழியின் பக்கச்சுவரைக் காட்டினார். கொஞ்சம் களிமண், அதற்குக் கீழே ஆற்றுமணல், மறுபடி களிமண், மறுபடி மணல்.

"ஒவ்வொரு மணலும் ஒரு வெள்ளம். அந்தப் பொண்ணு சொன்ன பிறகுதான் தோண்டிப் பாத்தேன். அவ சொன்னது சரிதான். நான் போட்ட கணக்குல இந்த ஓட்டம் இல்ல."

"அதுக்கு?"

"பள்ளம் முழுசும் தூண்மேலதான் ரோடு போகணும். தோப்ப விட்டுக் கெழக்க தள்ளணும். மாத்தி எழுதப்போறேன்."

"செலவு?"

"கூடும்."

"ஒத்துக்கிடுவாங்களா?"

அவர் கோரைத்தாள் ஒன்றைப் பிய்த்து விரலில் சுற்றினார். "ஒத்துக்கிடலன்னா திட்டமே நின்னுரும்."

தலைவர் "அட போங்க சார்" என்று திரும்பி நடந்துவிட்டார். எனக்கு வந்த கோபத்தில் கண்ணில் தண்ணீர் வந்தது. கோபம்தான். "கையில கெடச்சத நீங்களே தட்டி விடுதீங்க" என்றேன். "தெரிஞ்ச பெறகு எப்படிங்க கையெழுத்துப் போட?" என்றார்.

பிரஷர் பார்க்க இனி டவுனுக்குப் போகச் சொல்லிவிட்டேன்.

நவம்பர் 2

நாய்க்கடி ஒன்று, காய்ச்சல் ஏழு. மழை தூறிக்கொண்டே இருக்கிறது.

பத்து மணிக்கு வெளியே சர்வே ஜீப் சத்தம் மாதிரி இருந்தது, எட்டிப் பார்த்தேன். தண்ணீர் லாரி.

நவம்பர் 9

தீபாவளி. தோப்புப் பக்கம் யாரும் வெடி போடுவதில்லை, எப்போதும் அப்படித்தான். நிலோஃபர் ஊருக்குப் போகவில்லை, நானும் ஆவுடையும் அவளும் சேர்ந்து அதிரசம் சுட்டோம். கூட்டத்தைப் பற்றி நானும் நிலோஃபரும் பேசவில்லை. ஆவுடைக்கும் அவளுக்கும் ஒரே மணி நேரத்தில் சிநேகம்.

சொரிமுத்துவின் மனைவி இறந்து ஆறு வருடம் ஆகிறதாம். பிள்ளைகள் இல்லையாம். நான் கேட்கவில்லை. நிலோஃபர்தான் ஆவுடையிடம் சொல்லிக்கொண்டிருந்தாள், எனக்குக் கேட்கும்படியாக.

நவம்பர் 21

இரண்டு நாளாக விடாத மழை. அணையில் தண்ணீர் திறக்கப்போவதாகக் காலையில் தண்டோரா. தரைப்பாலத்தில் ஏற்கெனவே கணுக்கால் தண்ணீர்.

இசக்கிப்பிரியா வீட்டுக்கு ஓடினேன். சண்முகவடிவு வாசலை மறித்து நின்றாள். "நல்ல நாள் பாக்காம வெளிய அனுப்ப மாட்டேன்."

"மயினி, நாளைக்குப் பாலம் இருக்காது. பிள்ளைக்கு ரத்தம் கம்மி. இங்க வச்சு ஏதாவது ஆச்சுன்னா எங்கிட்ட ஊசிதான் இருக்கு, ரத்தம் இல்ல."

"ஒனக்கு எல்லாம் பயந்தான்."

"ஆமா மயினி, பயந்தான். ஒங்களுக்குப் பயமா இல்லயா?"

திடீரென்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அவளுக்கும் பயம்தான். பயப்படுவதற்கு யாராவது முதலில் சம்மதம் சொல்ல வேண்டியிருந்தது. உள்ளே போய்ப் பையைத் தூக்கிக்கொண்டு அவளே முதலில் வெளியே வந்தாள்.

ஆட்டோக்காரன் தண்ணீரைப் பார்த்து மாட்டேன் என்றான். நிலோஃபர் யாருக்கோ போன் செய்தாள். கால் மணி நேரத்தில் ஜீப். எதிர்க்கரையிலிருந்து தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்தது. ஓட்டிவந்தவர் சொரிமுத்துவேதான். டிரைவரை இந்தத் தண்ணீரில் அனுப்ப மனமில்லையாம்.

மெதுவாக, ஒரே சீராக ஓட்டினார். இசக்கிப்பிரியா என் கையைப் பிடித்திருந்தாள். ஆஸ்பத்திரியில் சேர்த்து, படுக்கை வாங்கி, சண்முகவடிவைத் துணைக்கு உட்காரவைத்தேன். பிறகு அவர் என்னைத் திரும்பக் கொண்டுவந்து விட்டார். மற்ற ஊர்க்காரர்களை விட்டுவிட்டு நான் அங்கே தங்க முடியாது.

இறங்கும்போது, "பாத்து இருங்க" என்றார். சிஸ்டர் என்று சொல்லவில்லை. அவசரத்தில் விட்டுப்போயிருக்கும்.

நவம்பர் 22

தரைப்பாலம் முங்கிவிட்டது.

நவம்பர் 24

மாலை. பள்ளிக்கூட வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

காலையில் ஆறு கரையைத் தாண்டியது. வெயில் வந்ததா இல்லையா என்றே தெரியாத வெளிச்சம். ஊரில் உயரமான இடம் பள்ளிக்கூடம்தான். எல்லாரையும் அங்கே ஏற்றினோம். நிலோஃபர் வீடு வீடாகப் போய்க் கிழவிகளைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கூட்டத்தில் அவளைப் பார்த்துச் சிரித்தவர்களின் அம்மாக்களும் அதில் இருந்தார்கள். நான் தடுப்பூசிப் பெட்டியையும் மருந்தையும் தலையில் வைத்துக்கொண்டு வந்தேன்.

கீழத்தெருவில் தண்ணீர் ஏறியது. முதலில் வாசற்படி, பிறகு இன்னொரு படி. தலைவர் மாரியம்மனைக் கூப்பிட்டுக்கொண்டே நின்றார். தண்ணீர் பள்ளிக்கூடம் வரை ஏறினால் எங்களுக்குப் போக வேறு இடமில்லை.

அப்போது போன் அடித்தது. அவர். அக்கரையிலிருந்து. அவர் குரலை உயர்த்திப் பேசி இன்றுதான் கேட்கிறேன்.

"பள்ளத்துல தண்ணி ஓடுதா, நிக்கா? பாத்துச் சொல்லுங்க. ஓடுதா, நிக்கா?"

நானும் நிலோஃபரும் வராந்தாவின் கீழ்க்கோடிக்கு ஓடினோம். கோரைப்பள்ளம் என்று ஒன்று இல்லை. அங்கே இன்னொரு ஆறு இருந்தது. பழுப்பாக, நுரைத்துக்கொண்டு, முறிந்த வாழையையும் வைக்கோலையும் இழுத்துக்கொண்டு கிழக்கே பாய்ந்தது. எங்கள் ஊரைச் சுற்றிக்கொண்டு போனது.

"ஓடுது! வேகமா ஓடுது!"

"அப்போ பயமில்ல. ஓடுத வரைக்கும் பயமில்ல" என்றார்.

தண்ணீர் கீழத்தெருவில் மூன்றாவது படியில் நின்றது. மத்தியானம் வரை அங்கேயே நின்றது. பிறகு ஒரு படி இறங்கியது.

நான் பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாள் உயரத்துக்கு மண்கரை. நாலைந்து குழாய். அக்டோபரில் நான் அதற்காகத்தான் பேசினேன், ஊர் அதற்காகத்தான் கைதட்டியது. நிலோஃபர் பக்கத்தில் நின்றாள். நான் சொன்னதெல்லாம் சரியாய்ப் போச்சா என்று அவள் கேட்கவில்லை. என் தோளில் தலையைச் சாய்த்து, "பசிக்குதுங்கக்கா" என்றாள்.

நாலு மணிக்கு மறுபடி போன். ஆஸ்பத்திரியிலிருந்து பேசினார். "இசக்கிப்பிரியாவுக்குப் பொம்பளப்பிள்ள. ஆபரேசன். ரத்தம் ஏத்துனாங்களாம். ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. பிள்ள எடை ரெண்டு கிலோ எண்ணூறு. நீங்க கேப்பீங்கன்னு எழுதி வாங்கிட்டு வந்தேன்."

சத்தம் போட்டுச் சொன்னேன். வராந்தா முழுவதும் குலவை. நான் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டேன், கொஞ்ச நேரம்.

நவம்பர் 26

தண்ணீர் வடிந்துவிட்டது. சேறு, சேறு, சேறு. குளோரின் மாத்திரை கொடுத்தே நாள் போயிற்று. மாடு இரண்டு போயிற்று. மனித உயிர் ஒன்றும் போகவில்லை. தோப்பில் மரங்கள் நிற்கின்றன, அந்த இடத்தில் மட்டும் கரை உடையவில்லை. வௌவால்கள் ஒன்றுமே நடக்காததுபோலத் தொங்குகின்றன.

நவம்பர் 30

தலைவர் வீட்டு முற்றத்தில் ஊர் கூடியது. யார் பேசுவது என்று தெரியாமல் எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் எழுந்தேன்.

"போன மாசம் நான் பேசினதுக்குக் கை தட்டுனீங்க. நான் பேசினது தப்பு. பாலம் வேணும், அதுல மாத்தமில்ல. ஆனா பள்ளத்த அடைச்சு வேண்டாம். தூண்மேல வேணும். அதுக்கு இன்னும் ஒரு வருசம் ஆனாலும் சரி."

யாரும் தட்டவில்லை. பிறகு சண்முகவடிவு, காலையில்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு, "எங்கன கைநாட்டு வைக்கணும்?" என்றாள். அப்புறம் வரிசைதான். நிலோஃபரைத் தலைவர் கூப்பிட்டு முன்னால் உட்காரவைத்தார். "கோவிச்சுக்கிடாதம்மா" என்றார். "நான் எப்பவோ மறந்துட்டனுங்க" என்றாள். பொய். நல்ல பொய்.

டிசம்பர் 8

அவர் வந்தார். பிரஷர் சரியாக இருக்கிறது. சரியாக இருந்தும் காப்பி குடித்துவிட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். வெள்ளம் எதுவரை ஏறியது என்று ஒவ்வொரு சுவரிலும் அளந்து மேலிடத்துக்கு அனுப்பியிருக்கிறாராம். "மேல திட்டுதாங்க" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். முதலில் எழுதியதைத் தானே தவறு என்று எழுதிக்கொடுப்பது உத்தியோகத்தில் லேசான காரியமில்லை. அதை அவர் சொல்லவில்லை, எனக்குத் தெரியும்.

ஜனவரி 3

ஒன்றும் இல்லை. மேலிடத்திலிருந்தும் ஒன்றும் இல்லை.

ஜனவரி 19

நிலோஃபர் கிளம்பிவிட்டாள். முன்னறை எவ்வளவு பெரியது என்று இன்றுதான் தெரிந்தது. பஸ் ஏறும்போது, "அக்கா, அவரு உங்ககிட்டக் கேக்க பயப்படறாருங்க" என்றாள். எதைக் கேட்க என்று நான் கேட்பதற்குள் பஸ் எடுத்துவிட்டான்.

பிப்ரவரி 20

ஒத்துக்கொண்டார்கள்!

தோப்பைத் தொடாமல் கிழக்கே தள்ளி, பள்ளம் முழுவதும் தூண்மேல். தலைவர் போனில் சொன்னபோது நான் ஒரு குழந்தைக்கு எடை பார்த்துக்கொண்டிருந்தேன். குழந்தையையே தூக்கிச் சுற்றிவிட்டேன். அதன் தாய் பயந்துபோனாள். ஆவுடைக்குச் சொன்னேன். நிலோஃபருக்குச் சொன்னேன், அவள் போனிலேயே கத்தினாள். சாப்பிட உட்கார்ந்தால் சாப்பாடு இறங்கவில்லை, சந்தோஷத்தில் கூட அப்படி ஆகுமென்று மறந்துபோயிருந்தேன். வருடக்கணக்காகத் தோளில் கிடந்த ஏதோ ஒன்றை யாரோ இறக்கிவைத்த மாதிரி இருக்கிறது.

அவருக்கு நான் போன் செய்யவில்லை. அவர் செய்தார். இரண்டு பேரும் பாலத்தைப் பற்றித்தான் பேசினோம், வெகுநேரம்.

ஏப்ரல் 23

முதல் தூணுக்கு மண் பார்க்கத் துளை போடும் மெஷின் இன்று பள்ளத்தில் இறங்கியது. கோரை காய்ந்து மஞ்சளாகக் கிடக்கிறது. ஊரே போயிருந்தது. சண்முகவடிவு தேங்காய் உடைத்தாள். லீவுக்கு வந்திருக்கும் ஆவுடை இசக்கிப்பிரியாவின் பிள்ளையை வாங்கி வைத்துக்கொண்டு தரவே மறுத்தாள்.

மெஷின் போட்ட சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்கவில்லை. அவர் என் பக்கத்தில் வந்து நின்றார். தலையில் மஞ்சள் தொப்பி, சட்டையெல்லாம் புழுதி. ஏதோ சொன்னார்.

"கேக்கல!" என்றேன்.

மறுபடி சொன்னார். உதடு அசைந்தது. காதைக் கையால் குவித்துக் காட்டினேன். மூச்சை இழுத்துக்கொண்டு, முகமெல்லாம் சிவந்து, தொண்டை கிழியக் கத்தினார்.

அந்த நேரம் பார்த்து ஆபரேட்டர் மெஷினை நிறுத்திவிட்டான்.

"என்னக் கட்டிக்கிடுவீங்களான்னு கேட்டேன்!"

பள்ளம் முழுவதும் கேட்டது. தேங்காய் பொறுக்கிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே குனிந்து நின்றார்கள். தலைவர் வாயைத் திறந்தவர் மூடவில்லை. ஆவுடை மட்டும் பிள்ளையின் கையைப் பிடித்து எனக்கு ஆட்டிக் காட்டினாள்.

மெஷின் மறுபடி எப்போது ஓடத் தொடங்கும் என்று பார்த்தேன். ஓடவில்லை. ஊரே காத்திருந்தது. அதனால் நான் சொன்ன பதிலும் எல்லாருக்கும் கேட்டது.